நாலு விரக்கடை

ஏறுங்க அம்மிணி, முன்னாலயே உக்காருங்க. பின்னால பூரா சாமான் கெடக்குது. அந்தச் சோத்துத் தூக்குப்போசிய மட்டும் எடுத்து மடில வெச்சுக்கங்க, கீழ வெச்சா உருண்டுரும். பெல்ட்டு போட்டாச்சுங்ளா? கொலம்பஸ் தானுங்களே? நானும் அங்கதான் போறேன். ரெண்டு மணி நேரம் ஆவும். குதிரவண்டி முன்னால மாட்டுச்சுன்னா ரெண்டரை.

பெட்ரோல் பங்க்குல நீங்க நிக்கறப்பவே பாத்துட்டனுங்க. மூக்குத்தி போட்டிருக்குதே, ஆரா இருக்கும்னு ஒரு ரோசனை. அப்பறம் போன்ல 'வண்டி நின்னு போச்சுப்பா, இழுத்துட்டுப் போயிட்டாங்க'ன்னு தமிழ்ல சொன்னீங்க பாருங்க, எனக்குக் கால் நிக்கல. அமெரிக்காவுல இந்த ஹோம்ஸ் கவுண்டில இருபத்தாறு வருசமா இருக்கறேன், பங்க்குல தமிழ் கேட்டது இதுதான் மொதோ தடவ. எந்தூருங்க நீங்க? அவிநாசிப் பக்கமா? அட! இழுத்துப் பேசறதுலயே தெரிஞ்சுதுங்க நம்மாளுகன்னு. நான் பெருந்துறைக்குத் தெக்கால. எந்தக் குலமுங்க, எந்தக் கோயிலு? சித்த இருங்க, பாத்தீங்ளா, கேட்டு வாய மூடல, முன்னால வந்துருச்சு குதிரவண்டி. இந்த ஏத்தம் முடியற வரைக்கும் இவன் பின்னாலயேதான் ஊர்ந்துட்டுப் போகோணும்.

ஆமாங்க, இவிங்கதான் ஆமிஷ்காரங்க, பழங்காலத்துக் கிறிஸ்தவச் சனம். போட்டோவுல பாத்திருப்பீங்க, தாடியும் தொப்பியும். கரண்டு கெடையாது, டீவி கெடையாது, காரு வெச்சுக்கக் கூடாது. ஆனா அடுத்தவங்க காருல ஏறிப் போலாம். நல்ல கூத்துங்க இல்ல? அதுக்குத்தான் என்னையாட்ட டிரைவருக. எங்க ஊட்டுக்காரரு ஃபவுண்டரில வேல பாத்தாரு, கோயமுத்தூருல இருந்து அவர இங்க கூட்டிட்டு வந்தாங்க. அவரு போயி நாலு வருசமாச்சு. ஊட்டுல ஒத்தையாக் கெடந்து செவுத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு நாலு பேரக் கொண்டு போயி உடலாம்னு இந்த வேன வாங்குனேன். ஆஸ்பத்திரி, பல்லு டாக்டரு, கண்ணாலம், எழவு, எல்லாத்துக்கும் 'தேவா, வா'ன்னு கூப்புடுவாங்க. என்ற பேரு தெய்வாத்தாள். அவிங்க வாயில அது நொழையாது.

பசிக்குதுங்ளா? மூஞ்சியே சொல்லுது. எத்தன நேரமா நின்னீங்க? மூணு மணி நேரமா? அடக் கெரகமே! தொறங்க அந்தப் போசிய. இதுல என்ன கூச்சம், தொறங்க. மேல் தட்டுல அரிசிம்பருப்புச் சோறு, கீழ தயிருச் சோறு. கரண்டி கொண்டாரல, கைலயே தின்னுங்க. அங்க தண்ணி பாட்டில் இருக்குது, கைய வெளிய நீட்டிக் கழுவிக்கங்க. பாதி தின்னுங்க, பாதி எனக்கு மத்தியானத்துக்கு வேணும். ஒணத்தியா, ருசியா இருக்குதுங்ளா? நெய்யி கொஞ்சம் தூக்கலா ஊத்துனேன், அதான் வாசம்.

நான் எதுக்குப் போறேனா? மவ ஊட்டுக்குத்தான். பேரு யமுனா, ஒரே பொண்ணு. இன்னும் எட்டு நாள்ல பிரசவம். முப்பத்தஞ்சு வயசுல தலப்பிரசவம், எனக்கு ஈரக்கொலையெல்லாம் நடுங்குது. போன வாரம் கூப்புட்டா. 'அம்மா, வந்து ஒரு மாசம் எங்கூட இரு'ன்னா. கண்ணாலமாயி ஆறு வருசத்துல அவளா என்னைய இருன்னு சொன்னது இதுதான். நான் அழுதுட்டேன். ஆனா ஒரு கண்டிசன் போட்டா. 'போசியோட வராத. போசியோட வந்தீன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன்'னா.

ஆமாங்க, அதே போசிதான். உங்க மடில இருக்குதே, அதேதான்.

அட, அப்புடிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் மவள வெலக்கி வெச்சவ கெடையாது. போன்ல பேசுவேன், ஊட்டுக்குப் போவேன், அவ பொறந்த நாளைக்குச் சீல எடுத்துக் குடுப்பேன். அங்க கை மட்டும் நனைக்க மாட்டேன். என்ற சோத்த நானே கட்டிட்டுப் போயிருவேன். மத்தியானமானா வண்டில வந்து உக்காந்து சாப்புட்டுக்குவேன். இதுல ஆருக்கு என்ன நட்டம்? ஏன்னு கேக்கறீங்களா? அது ஊருக்கத, அப்பறம் சொல்றேன். மொதல்ல இவிங்க கதையக் கேளுங்க. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. இந்தச் சனத்தையாட்ட கல்நெஞ்சுக்காரங்கள நான் பாத்ததே இல்லீங்க.

மேட்டின்னு ஒருத்தி. என்ற வயசுதான், அறுவத்திரண்டு. ஊட்டுக்காரன் பேரு ஈலை. மாடு கண்ணு, நூறு ஏக்கரா காடு, எட்டுப் புள்ளைக. வேல செய்யறதுல பேயிங்க அவ. திங்கக்கெழம காலைல ஏழு மணிக்குப் போனா ஊட்டுத் துணி பூரா தொவச்சுக் கம்பில காயும். கறுப்புக் கறுப்பா, நீலம் நீலமா. அவ சீலைக்கு, அதான் அந்தக் கவுனுக்கு, பொத்தானே கெடையாது. எல்லாம் குண்டூசி. ஒரு நா என்ற புடவைக்கு நான் ஊசி குத்தறதப் பாத்துட்டு, 'தேவா, நீ பாதி ஆமிஷு'ன்னு சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்புல விழுந்தவதான் நான். இந்த ஊர்ல எனக்குன்னு சிநேகம் அவ ஒருத்திதான்.

அவளோட கடைசிப் பொண்ணு லவீனா. தங்கமான புள்ளைங்க. இவிங்க சபையில பத்தொம்பது இருவது வயசுல ஞானஸ்நானம் வாங்குவாங்க. வாங்கறதுக்கு முந்தி வெளிய போயிட்டா ஒண்ணுமில்ல. வாங்கிட்டுப் போனா வெலக்கு. இவ வாங்கிட்டா. ரெண்டு வருசங்கழிச்சு நர்சு படிக்கோணும்னு போயிட்டா. காரு வாங்கிட்டா, வெளியாளக் கட்டிக்கிட்டா. அவ்வளவுதான், தீந்துது. பெத்தவங்க அவகூட ஒரே மேசைல உக்காந்து சாப்புடக் கூடாது. அவ ஓட்டற காருல ஏறக் கூடாது. அவ கைல இருந்து எதையும் வாங்கக் கூடாது. பேசலாமாம், ஊட்டுக்கு வரலாமாம். என்ன நாயம் பாருங்க.

போன ஆப்பிள் சீசன்ல ஈலைக்கு வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசந்தான் தாங்கும்னாங்க. கேட்ட மறு நாளே லவீனா லீவு போட்டுட்டு வந்துட்டா. நர்சு இல்லீங்ளா, அப்பன நானே பாத்துக்கறேன்னு வந்து நின்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா எப்புடித் தெரியுங்களா? வாசல்ல லவீனா காரு நிக்கும். நல்ல பெரிய காரு, அப்பன படுக்க வெச்சுட்டே போலாம். அதுல ஏறக் கூடாதே! ரோட்டு முனையில ஒரு மரப்பொட்டில போனு வெச்சிருப்பாங்க, மேட்டி அது வரைக்கும் நடந்து போயி எனக்குப் போனு போடுவா. நான் நாப்பது நிமிசம் ஓட்டிட்டு வருவேன். அது வரைக்கும் அந்த மனுசன் வயித்தப் புடிச்சுட்டுக் குந்தியிருப்பான். என்ற வேன்ல மேட்டியும் ஈலையும். பின்னாலயே காலிக் காருல லவீனா. ஒரே ஊட்டுல இருந்து ஒரே ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வண்டி. கண்ணாடில அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

அத உடுங்க, மாத்திரை குடுக்கற கூத்தக் கேளுங்க. ஊட்டுக்குள்ள ஒண்ணுமே இருக்காது. செவுத்துல ஒரு காலண்டரு, ஒரு கடியாரம், சன்னலுக்குப் பச்சத் துணி, அவ்வளவுதான். நடுவால ஈலை கட்டிலு. லவீனா மாத்திரைய ஒரு சாசர்ல போட்டு, தண்ணியோட சன்னல் திண்டுல கொண்டு போயி வெப்பா. வெச்சுட்டு ரெண்டு எட்டுப் பின்னால போயிருவா. அப்பறம் மேட்டி போயி எடுத்துப் புருசன் வாயில போடுவா. பெத்த மவ கைல இருந்து வாங்குனா என்ன, கை வெந்தா போயிரும்? நான் வாய் வலிக்க முணுமுணுத்தேன். தமிழ்லதான். அவிங்களுக்குப் புரியாதுன்னு தகிரியம்.

இந்த வளைவு கொஞ்சம் மோசங்க, ஒரு கையும் உட முடியாது. எனக்கும் ஒரு வாய் குடுங்க. வாயிலயே வெச்சு உடுங்க, என்ன இப்ப? ம்ம்ம். உப்பு சரியாத்தான் இருக்குது. இன்னொரு வாய். ஆரு கையிலயாவது வாங்கித் தின்னு எத்தன நாளாச்சு! எங்கம்மா போனப்பறம் எனக்கு ஆரு ஊட்டி உட்டாங்க? உருண்ட நல்லாப் புடிக்கிறீங்க. உங்கம்மா சொல்லிக் குடுத்ததா? இருக்கும், இருக்கும்.

எங்க உட்டேன்? ம், மேசை. ஒரு நா ஈலைக்குக் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. எந்திரிச்சு எல்லாரோடயும் உக்காந்து சாப்புடறேன்னு சொன்னான். நானும் அவனக் கூட்டிட்டு வந்த நேரம், நீயும் உக்காரு தேவான்னு சொல்லிட்டா மேட்டி. எனக்கு அவிங்க ஊட்டுல சாப்புடறதுக்கு என்னங்க, வெள்ளக்காரங்கதான? உக்காந்தேன். நீளமான மேசை, ஊத்தா நெறத்துல ஒரே துணி, இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும். ஒரு பக்கம் ஈலை, மேட்டி, மத்த புள்ளைக. அந்தக் கடைசில லவீனா. நான் அவளுக்குப் பக்கத்துல. ஆகா, மனசு மாறிட்டாங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்துட்டாங்கன்னு எனக்கு அப்புடியொரு சந்தோசம். கண்ணு கலங்கிப் போச்சு. எந்திரிச்சுக் கொழம்புக் கிண்ணத்த எடுத்து லவீனாவுக்கும் அவுங்கக்காவுக்கும் நடுவால வெச்சேன்.

கிண்ணம் உள்ள போயிருச்சுங்க.

துணியோட பொக்குனு உள்ள எறங்கிருச்சு. கொழம்பு பூரா துணில குட்டையாட்ட நிக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. குனிஞ்சு துணியத் தூக்கிப் பாக்கறேன், அது ஒரு மேசை இல்ல, ரெண்டு மேசை. நடுவால நாலு விரக்கடை சந்து, நாலு வெரல் நொழையற அகலம். சந்து தெரியாத மாதிரி மேல ஒரே துணி. லவீனா தட்டு சந்துக்கு அந்தப் பக்கம். அந்தப் புள்ளைக்கு முன்னமே தெரியும் போல, தல குனிஞ்சு தட்டையே பாத்துட்டிருந்தா.

பாத்திரம் கழுவறப்ப மேட்டியப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். 'நீயெல்லாம் ஒரு தாயா? பெத்த வயிறு கொதிக்கலையா? சாவப் போற மனுசன் முன்னால அவன் புள்ளைய நாலு விரக்கடை தள்ளி உக்கார வெக்கறியே, என்ன சென்மம் நீ'ன்னு கேட்டேன். அவ கோவிக்கவே இல்ல. கையத் தொடச்சுட்டு நிதானமாச் சொன்னா. 'தேவா, அந்தச் சந்து எங்க சபை பிஷப்புக்கு. துணி எனக்கு. அந்த நீளத்துக்குக் கடைல துணி கெடைக்காது. நானே ஒட்டுப் போட்டுத் தெச்சேன். சந்து இல்லாட்டி என்னையும் வெலக்கிருவாங்க. அப்பறம் மத்த ஏழு புள்ளைகளோடயும் நான் உக்கார முடியாது'ன்னா.

அதோட உட்டிருக்கலாமில்ல? உடல. 'நீ உன்ற மவ ஊட்டுல சாப்புடுவியா?'ன்னு கேட்டா. போசி விசியத்த எப்பவோ வண்டில போறப்ப நாந்தான் அவகிட்ட உளறி வெச்சிருந்தேன். 'அது வேற'ன்னேன். 'உங்க பிஷப்பு எங்க இருக்காரு, இந்த ஊர்லயா, உங்க ஊர்லயா?'ன்னா. 'எங்களுக்கு பிஷப்பெல்லாம் கெடையாது'ன்னேன். 'அப்பறம் ஆரு பாக்கறாங்கன்னு போசி தூக்கிட்டுப் போற?'ன்னு கேட்டாளுங்க.

கேள்வியப் பாருங்க! எனக்கு வந்துச்சே கோவம். ஒரு மாசம் அவளுக்கு வண்டி ஓட்டல. அவளுக்கு என்ன தெரியும் நம்மூர் வழமொற? நீங்களே சொல்லுங்க. யமுனா வெள்ளக்காரனக் கட்டியிருந்தாக்கூட நான் எங்கூர்ல சொல்லிக்குவேன். படிச்ச புள்ள, அமெரிக்கா, அப்புடி இப்புடின்னு ஒப்பேத்திருவேன். இவ போயி, ஏழு கடல் தாண்டி வந்து, எங்கூருக்கு வெளிய காலனி, அந்தக் கெழக்கு வளவுப் பையனப் புடிச்சுட்டு வந்து நிக்கறா! அவன் பாட்டன் காலத்துல இருந்து எங்க தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்த சனமுங்க. அவுங்கப்பன் எங்க ஊட்டுக்கு வந்தா வாசல்லயேதான் நிப்பான், படியேற மாட்டான். காப்பித்தண்ணிய நாங்க தேங்காத் தொட்டில, அதான் கொட்டாங்குச்சில ஊத்தி மதில் மேல வெச்சுருவோம். அவனா எடுத்துக் குடிச்சுக்குவான். கைல குடுக்கற பழக்கமில்ல. அதுக்காக நாங்க அவிங்கள ஒரு நாளும் மோசமா நடத்தல. காப்பி நல்ல காப்பிதான் குடுப்போம், பாலு ஊத்தி.

பையனக் கொற சொல்லக் கூடாதுங்க. காலேஜ்ல மண்ணப் பத்திப் பாடம் நடத்தறான். யமுனாவத் தாங்கு தாங்குன்னு தாங்கறான். நான் வண்டில உக்காந்து சாப்புடறப்ப ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து வண்டி முன்னால, என்ஜின் மேல வெச்சுட்டுப் போயிருவான். கைல நீட்ட மாட்டான். வெவரமான பையன். நானா எடுத்துக் குடிச்சுக்குவேன்.

என்னங்க, சன்னலத் தொறக்கோணுமா? வேர்க்குதா? தொறந்துக்கங்க. மலப்பாத தாண்டியாச்சு, இனி நேர் ரோடுதான்.

ஈலை மாசி மாசம் போயிட்டான். லவீனா சன்னல் திண்டுல வெச்ச மாத்திரைதான் கடேசி மாத்திரை. எழவுக்கு நான்தான் ஒம்போது நடை ஓட்டுனேன். மனசு கேக்கல, பழையபடி மேட்டிகிட்டப் பேச ஆரம்பிச்சுட்டேன். அவிங்க வழக்கப்படி பெரிய ஊட்ட மவனுக்கு உட்டுட்டு, பக்கத்துலயே சின்ன ஊட்டுக்குப் போயிட்டா. ஒரு ரூமு, ஒரு அடுப்பு, ஒத்த மேசை. ரெண்டாவது மேசைக்கு எடமில்ல. போன மாசம் ஒரு நா வண்டில ஏத்திட்டுப் போலாம்னு போறேன், பின்வாசப்படில மேட்டியும் லவீனாவும் ஒட்டி உக்காந்திருக்காங்க. ஆளுக்கொரு தட்டு, மடில. என்னடி இதுன்னு பாத்தேன். 'மேசைலதான தேவா சேரக் கூடாது? இங்க மேசையே இல்லையே'ங்கறா. சின்னப் புள்ளையாட்டச் சிரிக்கறா. பிஷப்புக்குத் தெரிஞ்சா என்னாகும்னேன். 'வந்து கேக்கட்டும். அவருக்கும் படில எடமிருக்குது'ன்னா.

அன்னிக்குத்தான் அந்த ஊத்தாத் துணிய மடிச்சு எங்கிட்டக் குடுத்தா. 'எனக்கு இனி இது வேண்டாம், நீ வெச்சுக்க'ன்னா. ஞாவகமாக் குடுக்கறான்னுதான் வாங்குனேன். ஊட்டுக்கு வந்து விரிச்சுப் பாத்தேன். பாக்கப் பாக்க ஒரு ரோசனை வந்துச்சு. நெம்ப நல்ல ரோசனைங்க. பின்னால திரும்பிப் பாருங்க. அந்த மடக்கு மேசை தெரியுதுங்ளா? புதுசு. யமுனா ஊட்டு மேசை ஒசரத்த அவளுக்குத் தெரியாம அளந்துட்டு வந்து வாங்குனது, நூல் பிசகாது. அவ மேசையோட ஒட்டுன மாதிரிப் போட்டு, நாலு விரக்கடை உட்டு, மேல இந்தத் துணிய விரிச்சுட்டா ஆருக்குத் தெரியும்? அவளும் அந்தப் பையனும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சமையலும் நானே பண்ணிருவேன். அவ கேட்ட மாதிரி ஒண்ணா உக்காந்த மாதிரியும் ஆச்சு. எனக்கும் மனசு உறுத்தாது. கிண்ணத்த மட்டும் நடுவால வெக்காமப் பாத்துக்கோணும். இன்னிக்கு ஒரு நாத்தான் இந்தப் போசி. போன ஒடனே அவ சமைச்சு வெச்சிருப்பா பாருங்க, அதுக்காக. அவ பாக்காம வண்டிலயே வெச்சுட்டு, சித்த நேரங்கழிச்சு வந்து நான் ரெண்டு வாய் தின்னுக்குவேன்.

ஏன் அழுவறீங்க? கண்ணுல தூசியா? சன்னலச் சாத்துங்க.

மவ ஊடு வழிலதான். சாமான எறக்கிப் போட்டுட்டு உங்கள ஊட்டு வாசல்லயே கொண்டாந்து உட்டர்றேன். போசில எவ்வளவு இருக்குது? ஒண்ணுமே இல்லையா? அட ஆண்டவா, எனக்கு நீங்க ஊட்டி உட்டதுலயும் நீங்க தின்னதுலயும் பூராத் தீந்து போச்சா! நானும் வாயத் தொறந்து தொறந்து வாங்குனதுதான். பரவால்ல உடுங்க. நம்ம புள்ள வயிறு நெறஞ்சுது, எனக்கும் ஊட்டி உட ஒரு கை கெடச்சுது. ஆமா, எந்தக் குலம், எந்தக் கோயிலுன்னு ஏறுனப்பவே கேட்டேன். நீங்க சொல்லவே இல்லையே. நான் எங்க சொல்ல உட்டேன், பேசிட்டேதான வந்தேன். இப்பச் சொல்லுங்க.

ஓ.

ஊருக்கு வெளியவா. வளவா.

இருங்க, வண்டிய ஓரங்கட்டறேன். இல்லீங்க, இல்லீங்க, உங்கள எறக்கி உட இல்ல. அந்தக் கதவத் தொறக்காதீங்க கண்ணு, ரோட்டுல லாரி வருது. உக்காருங்க. எனக்குத்தான் இப்ப வண்டி ஓட்ட முடியல.

ரெண்டு மணி நேரமா நான் பேசுனத பூராக் கேட்டுட்டே வந்தீங்களா? தேங்காத் தொட்டி, மதிலு, எல்லாம்? ஏன் மொதல்லயே சொல்லல? என்ன? சொல்லியிருந்தா போசியத் திருப்பி வாங்கிருப்பேன்னு பயந்துட்டீங்களா? பசில உசுரு போச்சா. ஆமா, மூணு மணி நேரம் நின்னிருக்கீங்க. நான் வாங்கியிருக்க மாட்டேங்க. வாங்கியிருக்க மாட்டேன்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா தெரியலைங்க. வாங்கியிருப்பேனோ என்னமோ. வாங்காட்டியும் வாயத் தொறந்து காட்டியிருக்க மாட்டேன். அது நெசம்.

உங்க தாத்தனும் தொட்டிலதான் குடிச்சாரா? சரி. சரிங்க. சொல்ல வேண்டாம், உடுங்க. என்ன மன்னிச்சுருங்கன்னு சொல்லக்கூட எனக்கு நாக்கு வர மாட்டேங்குது. பெரிய நாக்கு, இத்தன நேரம் என்னா ஆட்டம் ஆடுச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? நாம ஒண்ணாத் தின்னத எம்மவகிட்டச் சொல்லிராதீங்க. அவ தாங்க மாட்டா. 'ரோட்டுல பாத்த புள்ள கைல வாங்கித் தின்னியேம்மா, ஆறு வருசமா எங்கூட உக்காந்து ஒரு வாய் தின்னியா'ன்னு கேப்பா. வகுறு தள்ளிட்டு நின்னு கேப்பா. நான் என்னன்னு சொல்லுவேன்? தெரியாமத் தின்னுட்டேன்னு சொல்லட்டுமா? அது அதைவிட அசிங்கமில்லீங்ளா?

சரி, போலாம். இந்தத் திருப்பந்தான். அதோ, மூணாவது ஊடு. வாசல்ல நிக்கறா பாருங்க, சத்தம் கேட்டு வந்திருப்பா. எவ்வளவு பெரிய வகுறு! முதுகுல கைய வெச்சுட்டு நிக்கறா, நிக்க முடியாமத்தான் நிக்கறா. மத்தியானம் ரெண்டாகப் போவுது, நான் வருவேன்னு சாப்புட்டிருக்க மாட்டா. மேசைய எறக்கட்டுமான்னா கேக்கறீங்க? வேண்டாம். அது கெடக்கட்டும். வாசப்படில உக்காந்துக்கலாம்னு சொல்லிப் பாக்கட்டுமா, மடில தட்ட வெச்சுட்டு? மேட்டியாட்ட? சித்த இருங்க, என்னைய ரோசிக்க உடுங்க.

அவ என்ற மூஞ்சியப் பாக்கலீங்க. கையத்தான் பாக்கறா. ஒவ்வொரு தடவையும் மொதல்ல என்ற கையத்தான் பாத்திருப்பா போல, நான் இன்னிக்குத்தான் கவனிக்கறேன். இந்தாடி யமுனா, பாரு, ரெண்டு கையும் காலி. பாரு கண்ணு. ஏங்க, எதுக்கு இப்புடி மூஞ்சி மாறுது அவளுக்கு? எங்க பாக்கறா?

உங்க மடியப் பாத்துட்டா. போசியப் பாத்துட்டா.

யமுனா! ஏ யமுனா, சாத்தாத! கதவச் சாத்திராதடி, காலிப் போசி அது!

சாத்திட்டா. தாப்பாப் போடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

அம்மிணி, நீங்க எறங்கிப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. உங்க கையாலயே போசியத் தொறந்து அவகிட்டக் காட்டுங்க. கொஞ்ச முந்தி சொல்ல வேண்டாம்னு சொன்னேன் பாருங்க, அத உட்டுருங்க. ஆரு தின்னாங்கன்னு சொல்லுங்க. நீங்க எந்த வளவுன்னு சொல்லுங்க. 'உங்கம்மா, ஊட்டி உடுன்னு கேட்டு என்ற கைல வாங்கித் தின்னாங்க'ன்னு சொல்லுங்க. போங்க கண்ணு, சீக்கிரம் போங்க. அவ பசியோட நிக்கறா.